சனிக்கிழமை சுவரில் தொங்கப்போகும் பாறை

செவ்வாய், இரவு.

இன்று படம் கீறும் வகுப்பில் ஆசிரியை, எங்கள் மடம், ஒரு புத்தகத்தைக் காட்டினார். விக்டோரியா ராணி காலத்து ஆங்கிலேயர் தீட்டிய நீர்வண்ணப் படங்கள். எல்லாம் பாறைக் கரைகள். அலையின் நுரைக்கு வெள்ளை பூசாமல் தாளை அப்படியே விட்டிருந்தார்கள். ஒன்றைப் பார்த்துக் கீறச் சொன்னார். நான் கீறியது திருகோணமலையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த பாறை. அதன்மேல் தூண்டிலோடு அப்பா. மடம் கேட்கக் கேட்க ஊரைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை பெற்றோர் வரும்போது படத்தைச் சுவரில் தொங்கவிடுவாராம்.

அகதி வழக்கு முடியும்வரை ஊர்க்கதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று அப்பா எத்தனை தரம் சொல்லியிருக்கிறார்.

சாப்பிடும்போது கேட்டார்.

"இண்டைக்கு என்ன கீறினனீ?"

"கடல்."

"எந்தக் கடல்?"

"இங்கிலீசுக்காரற்றை கடல், அப்பா."

"அதிலை மீன் கிடக்கோ?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். அகதியாக இந்த நாட்டுக்கு, இந்த லா சப்பலுக்கு வந்தபிறகு அவர் அப்படிச் சிரித்ததில்லை. ஊரில் தூண்டில் இழுபடும்போது சிரிப்பார். அந்த நேரமே உண்மையைச் சொல்லியிருக்கலாம். பயத்தில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

முகத்தைக் கீறவில்லை. கடலைப் பார்த்து இருக்கிற முதுகும் இடுப்பில் கட்டிய நீலச் சாரமும்தான். சனிக்கிழமை படத்தைப் பார்த்தாலும் அப்பாவுக்குத் தன் முதுகு அடையாளம் தெரியாது. கூட வரும் அம்மாவுக்குத் தெரியும்.