இருபத்திரண்டு பேருக்கும் பயமில்லை

வெள்ளவத்தை
14.09.1997

அன்பு மகள் சாருமதிக்கு,

முழங்கால் நோவைத் தவிர எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, நீயும் மருமகனும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் கும்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். போன ஞாயிறு நீ அங்கேயிருந்து தொலைபேசி எடுத்தபோது அதிகம் கதைக்காமல் வைத்துவிட்டேன், கோபம் என்று நினைத்திருப்பாய், அப்படி ஒன்றும் இல்லை. சொல்ல ஒரு விஷயம் இருந்தது, வாய் வரவில்லை, எழுதினால்தான் ஒழுங்காக வரும் என்று விட்டுவிட்டேன். வியாழக்கிழமை ஆமி வந்து எங்கள் ஒழுங்கையைச் சுற்றிவளைத்து வீடு வீடாகச் சோதித்தார்கள், பொலிஸில் பதிந்த துண்டு சரியாக இருந்தபடியால் ஐந்து நிமிடத்தில் போய்விட்டார்கள், நீ அதை நினைத்து யோசிக்காதே.

பின்னறையில் இருக்கும் செலீனைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன், மன்னார்ப் பிள்ளை, ஆசிரியர் பயிற்சிக்கு வந்தவள். பயிற்சி முடிய அவர்கள் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வு செய்து எழுதிக் கொடுக்க வேண்டும். இவள் எடுத்தது, இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன பயம் என்பது. சாப்பாட்டு மேசையில் இருந்து கருதுகோள், மாதிரி, வினாக்கொத்து என்று சொல்லிக்கொண்டு எழுதுவாள், எனக்குச் சிரிப்பு வரும். முப்பத்தொரு வருடம் கணிதம் படிப்பித்தேன், ஒரு பிள்ளைக்கு எங்கே இடிக்கிறது என்று அதன் கொப்பியைப் பார்த்தால் எனக்குத் தெரியும், இதற்கு ஏன் இத்தனை தாள் என்று கேட்டேன். அவள் மரியாதையாக, “உங்களுக்குத் தெரியும் ரீச்சர், ஆனா உங்களுக்குத் தெரிஞ்சது பிள்ளைக்கும் அப்பிடித்தானோ எண்டு பாக்கிறதுக்குத்தான் இது” என்றாள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கொட்டாஞ்சேனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வடக்கிலிருந்து வந்த பிள்ளைகள் நாற்பத்தாறு பேர் இருக்கிறார்கள். அநேகமானவர்கள் தாயுடன் லொட்ஜ் அறையில் இருக்கிறவர்கள். அங்கே உப அதிபராக இருக்கும் கிளெமென்ற் மாஸ்டர், கோயில் சபையிடம் உதவி கேட்டு அவர்களுக்கு ஒரு பின்னேர வகுப்பு நடத்துகிறார், பாடத்தோடு பணிசும் தேநீரும் உண்டு, ஐந்து மணி வரை பிள்ளைகள் ஒரு பாதுகாப்பான இடத்தில் இருப்பார்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கேள்வியை வாசித்து, சொல்லும் பதிலை அப்படியே எழுத வேண்டும், ஒருத்தியால் முடியாது. நான் சும்மா இருக்கிறேன்தானே, வருகிறேன் என்று நானாகத்தான் சொன்னேன். பொடியன்களைச் செலீன் எடுத்தாள், இருபத்திரண்டு பெண் பிள்ளைகளையும் நான் எடுத்தேன். போகும்போது பஸ்ஸில் இரண்டு தரம் சொன்னாள், “சொல்லுறதை அப்பிடியே எழுதுங்கோ ரீச்சர், விளங்காட்டிலும் பரவாயில்லை.” எனக்கா சொல்லித் தருகிறாய் என்று நினைத்தேன்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். பிள்ளைகள் முன்னால் வந்து நின்றவுடன் எனக்குப் பழைய குணம் வந்துவிட்டது. நிமிர்ந்து நில், முழு வாக்கியமாகச் சொல் என்று தொடங்கினேன். பள்ளிக்கூடத்தில் உனக்கு எதற்குப் பயம் என்று கேட்டால் ஒருத்தி பெரிய சத்தம் என்றாள், இன்னொருத்தி காக்கிச் சட்டை என்றாள். எனக்கு அதை அப்படியே எழுத மனம் வரவில்லை. இங்கே அதெல்லாம் இல்லை, கெட்டிக்காரப் பிள்ளைக்குப் பயம் இருக்கலாமா, யோசித்துச் சொல் என்றேன். பயமில்லை மிஸ் என்று சொன்னவுடன் நல்ல பிள்ளை என்று தட்டிக்கொடுத்து அதை எழுதினேன். பார்த்துக்கொண்டு வரிசையில் நின்றவர்கள் பிறகு கேட்கமுன்னமே பயமில்லை என்றார்கள். சுகிர்தா என்று ஒரு பிள்ளை, கிளிநொச்சி, ஏழு வயது இருக்கும், “கதவு பூட்டினாப் பயம் மிஸ்” என்றது. பூட்டின கதவு கடிக்குமா என்று கேட்டேன். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அதுவும் சிரித்துக்கொண்டு, இல்லை மிஸ் பயமில்லை என்றது. அழகான கையெழுத்தில் எழுதி வைத்தேன். பிள்ளைகளைத் தைரியப்படுத்திவிட்டு வருகிறேன் என்ற பெருமையோடுதான் அன்று வீடு வந்தேன், மகள்.

செலீன் கணக்குப் பார்த்தபோது இருபத்துநான்கு பொடியன்களில் பத்தொன்பது பேருக்கு ஏதோ ஒரு பயம், பெண் பிள்ளைகளில் ஒருத்திக்கும் இல்லை. அவளுக்கு அது பெரிய கண்டுபிடிப்பாகத் தெரிந்தது, இப்படி ஒரு வித்தியாசம் வரும் என்று நினைக்கவில்லை ரீச்சர் என்று இரண்டு மூன்று தரம் சொன்னாள். வரிசையில் நின்றவர்களுக்கு நான் சொன்னதெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. ஆனாலும் நான் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். அவள் அந்த எண்ணிக்கையைக் கிளெமென்ற் மாஸ்டரிடமும் காட்டியிருக்கிறாள்.

இரண்டு கிழமை கழித்து ஒரு வெள்ளிக்கிழமை கொச்சிக்கடைச் சிவன் கோயிலுக்குப் போய்விட்டு, பென்சில் கொஞ்சம் கொடுப்போம் என்று அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பின்னேர வகுப்பில் பொடியன்கள் மட்டும் இருந்தார்கள். கிளெமென்ற் மாஸ்டர் சந்தோஷமாக, “உங்கட உபகாரம்தான் ரீச்சர். இருக்கிறது ஒரு அறை, பணிசும் காணாது. பொம்பிளைப் பிள்ளையளுக்குப் பயமே இல்லை எண்டு ஆராய்ச்சியில வந்திட்டுது, பிறகென்ன, அதுகளை ஒண்டரைக்கே வீட்டை விட்டிட்டன், இனிப் பயந்தாங்கொள்ளியளை வைச்சு மேய்ச்சாப் போதும்” என்று சொல்லிச் சிரித்தார். நான் பென்சில் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, சுகிர்தா எங்கே இருக்கிறாள் என்று மட்டும் கேட்டேன்.

இரண்டு தெரு தள்ளி ஒரு லொட்ஜ். மேல்மாடியில் ஏறும்போதே பெருக்கல் வாய்ப்பாடு சொல்லும் குரல் கேட்டது, சத்தமாக, மூச்சு விடாமல். அறைக் கதவு வெளியில் பூட்டியிருந்தது. அங்கே கூட்டித் துடைக்கும் ராக்கம்மா என்ற மலையகத்துப் பெண்ணிடம் கேட்டேன். “அம்மாக்காரி வெளிநாட்டுக்கு அனுப்புற ஏஜென்சிக்குப் போயிருக்குங்க பெரியம்மா, தனியா விட்டா யாரும் தூக்கிட்டுப் போயிருவாங்கன்னு பூட்டிட்டுப் போகுது. தினமும் இதே பாட்டுத்தான், பன்னெண்டு முடிஞ்சா மறுபடி ரெண்டுல ஆரம்பிக்கும், நிப்பாட்டுனா அழுவுது” என்றாள். நான் கதவுக்கு வெளியே நின்று ஏழாம் வாய்ப்பாட்டைச் சேர்ந்து சொன்னேன். உள்ளே சத்தம் நின்றது. பிறகு, “ஆர் அது?” என்று கேட்டது. என் பெயரைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. கேள்வி கேட்ட மிஸ் என்றேன். உடனே அது, “எனக்குப் பயமில்லை மிஸ்” என்றது.

அன்று பின்னேரமே செலீனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நான் எழுதிய தாள்களை எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். பிறகு, “இதில பிழையான விடை எண்டு ஒண்டு இல்லை ரீச்சர், நீங்கள் ஏன் திருத்தினீங்கள்?” என்று கேட்டாள். சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவளுக்கு ஆய்வு நிராகரிக்கப்பட்டால் பயிற்சிச் சான்றிதழ் இல்லை, நியமனமும் இல்லை. திங்கட்கிழமை இருவரும் அவளுடைய விரிவுரையாளரிடம் போனோம். யார் என்று நினைக்கிறாய், என்னிடம் எட்டாம் வகுப்பில் படித்த நாகேஸ்வரி. விடை சரி, வழி எங்கே என்று கேட்டு நான் கொப்பியைத் திருப்பி எறிந்தேனே, அவளேதான். நான் செய்ததை ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் இட்டுக் கொடுத்தேன். வாசித்துவிட்டு, “எனக்கும் உங்களிட்ட பயம்தான் ரீச்சர், ஆனா ஒருத்தரும் கேட்டு எழுதேல்லை” என்று சிரித்தபடி சொன்னாள். மூன்று கிழமை தவணை கொடுத்து, செலீனே மறுபடியும் கேட்க வேண்டும் என்றும், நடந்ததை மறைக்காமல் ஆய்வின் மட்டுப்பாடுகள் என்ற பகுதியில் எழுத வேண்டும் என்றும் சொன்னாள். ஆகவே உன் அம்மா இப்போது ஒரு புத்தகத்தில் ஒரு பந்தியாக இருக்கிறாள், ‘பதில்களைத் திருத்திய உதவியாளர்’ என்று. பெயர் போடவில்லை.

கிளெமென்ற் மாஸ்டர் பெண் பிள்ளைகளைத் திரும்ப எடுத்துவிட்டார். ஆய்வு முடியும் வரைக்கும்தான் என்கிறார், பிறகு சபை என்ன சொல்லுமோ தெரியாது. செலீன் போன செவ்வாய்க்கிழமை கேட்டு முடித்தாள், நான் வெளியே வாசலில் இருந்தேன். இருபத்தொரு பேரைத்தான் கேட்டாள். சுகிர்தாவும் தாயும் அதற்கு முந்திய சனிக்கிழமை லொட்ஜை விட்டுப் போய்விட்டார்கள். “ஏஜென்சிக்காரன் வந்து கூட்டிட்டுப் போனான், எந்த ஊருக்குன்னு நம்மகிட்டச் சொல்லுவாங்களா” என்றாள் ராக்கம்மா. அந்தப் பிள்ளை சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம், அதை எழுதிக்கொள் என்று செலீனிடம் கெஞ்சினேன். “இப்ப எழுதினா அது உங்கட பதில் ரீச்சர், அந்தப் பிள்ளையின்ர இல்லை” என்று சொல்லி அந்தத் தாளை எண்ணிக்கையிலிருந்து எடுத்துவிட்டாள். அவள் செய்தது சரி.

அதற்குப் பிறகு எனக்கு நித்திரை இல்லை, உன் நினைவுதான். தை மாதம் ஒருநாள் நீ, “அம்மா, எனக்கு இஞ்ச சரியான…” என்று தொடங்கினாய். நான், குளிர்தானே, ஊரெல்லாம் குளிர், சமாளிக்கப் பழகு என்றேன். நீ, ஓம் அம்மா என்றாய். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் சுகம் அம்மா, ஒரு குறையும் இல்லை என்று முழு வாக்கியமாகச் சொல்கிறாய், நானும் நல்ல பிள்ளை என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அது குளிர் இல்லை என்று எனக்கு இப்போது தெரிகிறது. என்ன என்று தெரியாது, நான் ஊகிக்கவும் மாட்டேன். சின்ன வயதிலிருந்து எத்தனை தரம் இப்படிச் செய்தேனோ, உனக்குத்தான் கணக்குத் தெரியும். மகள், அம்மாவை மன்னித்துக்கொள்.

அன்று சொல்ல வந்ததை எழுது. மருமகனைப் பற்றி என்றாலும் எழுது, என்னைப் பற்றி என்றாலும் எழுது. தொலைபேசியில் வேண்டாம், இந்த வயதில் என் வாயை நான் நம்பமாட்டேன். கடிதத்தில் என்றால் நீ முடிக்கும் வரைக்கும் நான் குறுக்கே கதைக்க முடியாது.

எல்லாச் சௌபாக்கியங்களும் பெற்று மனநிறைவோடு இருக்க ஆண்டவன் துணை நிற்பான். பதிவுத் தபாலில் போடு, சாதாரணத் தபால் இப்போது பிந்துகிறது.

என்றும் உன் நலம் விரும்பும்
அம்மா
சரோஜினிதேவி கனகசபாபதி