பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன்

மவுசுக்கு அடியில் போட நீ வெட்டித் தந்த தோல் துண்டு இன்னும் என் மேசையில்தான் கிடக்கிறது. இன்று காலை அதன்மேல் டீயைக் கொட்டிவிட்டேன். துடைக்கும்போது கிளம்பிய ஈரத்தோல் வாசனையில், பக்கத்து நாற்காலியிலிருந்து "இன்னா மேடம், ஊத்திட்டியா?" என்று நீ கேட்பது போலவே இருந்தது. நீ இறந்துபோய் ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. இன்றைக்கு நாம் எழுதிய ஏபிஐ புரோகிராமைப் புது சர்வருக்கு மாற்ற வேண்டும். நீ இல்லாமல் செய்வது இதுதான் முதல் முறை. காலையிலிருந்தே உன்மேல் கோபமாக வந்தது.

கம்பெனி பஸ் எங்கே வருகிறது என்று ஷூ தைக்க வரும் பெண்களின் போனுக்குச் சொல்வதுதான் அதன் வேலை. அது வருவதற்கு முன்னால் ஆலங்காயம் பக்கத்துப் பெண்கள் விடியாத நேரத்தில் காட்டோரம் ரோட்டில் நின்றுகொண்டிருந்தார்கள். ஆனால் தொடக்கத்தில் அது நம்மைப் படுத்திய பாடு இருக்கிறதே! வெள்ளிக்கிழமை தொழுகை இடைவேளையில் மெஷின்கள் எல்லாம் நிற்கும். யாருக்கும் தொந்தரவில்லை என்று அப்போதுதான் சர்வரில் ஏற்றுவோம். அருமையாக ஓடும். நீ பள்ளிவாசல் போய்த் திரும்பி, வேலை தொடங்கியதும் செத்துக் கிடக்கும். சர்வரின் லாக் பதிவுகளைப் புரட்டினோம், புரோகிராமைப் பிரித்துப் போட்டோம், ஒருவரையொருவர் திட்டிக்கொண்டோம். "இன்னொரு தரம் நின்னுச்சுன்னா மூட்டை கட்டிடுங்க. பஸ் எங்க வருதுன்னு ஆம்பளைங்க ரெண்டு பேர் போன் பண்ணி சொல்லிக்குவாங்க" என்று டிரான்ஸ்போர்ட் சார் சொல்லிவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை நீ திரையைப் பார்க்கவே இல்லை. கதவருகே போய் நின்றாய். மெஷின்கள் ஒரே நேரத்தில் கிளம்பின. டியூப்லைட் ஒரு கணம் மங்கிப் பிரகாசித்தது.

"யா அல்லா! கரண்டு இறங்குதுபா. சர்வர் படுத்து எந்திரிக்குது. நம்ம ஏபிஐய யாரு எழுப்பறது?"

யூபிஎஸ் பேட்டரி எப்போதோ செத்திருந்தது. சர்வர் எழும்போது ஏபிஐயும் தானாக எழ வேண்டும் என்று நாம் இருவருமே எழுதி வைக்கவில்லை. எழுதினோம், அதற்கப்புறம் அது சாகவில்லை. "ஆள் இல்லாதப்ப ஓடறது இன்னா பெரிய விஷயம்? எல்லாம் ஓடறப்ப தாங்குதா, அதைப் பாரு" என்றாய். பிறகு கேன்டீனில் நான் வாங்கித் தந்த பிரியாணியை, கறி கம்மி என்று குறை சொல்லியே தின்று தீர்த்தாய்.

அதனால் இன்று இடைவேளைக்குக் காத்திருக்கவில்லை. மெஷின்கள் முழுவீச்சில் ஓடும்போதே மாற்றினேன். முதலில் வெறும் பிழைச் செய்தி. புது சர்வரில் ஒரு கதவைத் திறக்க மறந்திருந்தேன், அதாவது போர்ட். திறந்ததும் பஸ் திரையில் வந்துவிட்டது. அப்புறம் குனிந்து சர்வரின் பிளக்கைப் பிடுங்கினேன்.

"இன்னாம்மா, பைத்தியமா உனக்கு? நல்லா ஓடிக்கினு இருக்கிறதை!" என்று டிரான்ஸ்போர்ட் சார் அலறினார்.

"இருங்க சார்" என்று திரும்பச் சொருகினேன். இது எழாவிட்டால் நாளைக்கு அந்தப் பெண்கள் மறுபடி இருட்டில்தான் நிற்க வேண்டும். திரை கறுப்பாகவே இருந்தது. பிறகு வாணியம்பாடி தாண்டி ஒரு சின்னப் பச்சைப் புள்ளி நகர்ந்தது. யாரும் எழுப்பாமல் தானாகவே எழுந்துவிட்டதுப்பா.

உன்னிடம் சொல்லத்தான் பக்கத்து நாற்காலிக்குத் திரும்பினேன்.

நீ போனதிலிருந்து அழுவதற்குக்கூட ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். இன்றைக்கு எல்லா மெஷினும் ஓடும்போதே, சார் எதிரிலேயே அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸைத் திரையில் தேடினேன்.