கொட்டிலுக்குள் திறந்த புகைக்குழாய்

என் அன்புத் தங்கச்சி பவளத்துக்கு,

இதை எழுதுவது நான்தான். யாரும் எழுதித் தரவில்லை. கோயில் மண்டபத்தில் வயது போனவர்களுக்கு நடக்கும் தமிழ் வகுப்பில் படித்தேன். முதன்முதலில் எழுதிப் பார்த்தது உன் பெயரைத்தான். நான்கு எழுத்து. அதற்குள் நீ முழுதாக வந்து இருந்தாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பக்கத்தில் இருந்தவருக்கும் காட்டினேன். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் தேத்தண்ணி ஆறிவிடுகிறது. என்றாலும் எழுத எழுதச் சந்தோசமாக இருக்கிறது. எழுதவேண்டிய விசயம்தான் கசக்கிறது.

உன் முப்பத்தோராம் நாளன்று எல்லாருக்கும் கொடுத்த உன் நினைவுக் கல்வெட்டுப் புத்தகத்தில், நீ மாரடைப்பால் இறந்தாய் என்று அச்சடித்தார்கள். அதற்கு மறுமொழி எழுதத்தான் நான் எழுத்துப் படித்தேன். உனக்கு மாரடைப்பு வரவில்லை. பொயிலரின் நச்சுக்காற்றுத்தான் உன்னைக் கொன்றது. மரண விசாரணையில் உன் மகன் தேவனுக்கும் மருமகள் சுதாவுக்கும் அதை விளங்கச் சொன்னார்கள். வெளியில் சொல்ல அவர்களுக்கு வெட்கம்.

எல்லாம் தொடங்கியதும் வெட்கத்தில்தான். பேரப்பிள்ளைகளின் பள்ளிக்கூட உடுப்பில் கறி மணக்கக் கூடாது என்று, மீன் பொரிக்கவும் மிளகாய் வறுக்கவும் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டில் போட்டீர்கள். புலம்பெயர்ந்து வந்த இந்த வெம்பிளியில் எங்கள் ஆட்கள் எத்தனை பேர் வீட்டில் அப்படி ஒன்று இருக்கிறது! தேவனின் சினேகிதன் பாலன் கட்டினான். வீட்டைச் சூடாக்கும் பொயிலர், உள்ளே சமைக்கிற குசினியின் சுவரில் இருந்தது. அதன் புகைக்குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு பின்வளவுக்குத் திறந்திருந்தது. கொட்டில் எழும்பியபோது குழாயின் வாய் அதற்குள் அகப்பட்டது. குளிர் புகாமல் எல்லா நீக்கலையும் அடைத்துவிட்டு, "உள்ளுக்குச் சூடு வருகுது, நல்லதுதானே அம்மா" என்று பாலன் உன்னிடம் சொன்னான். நீயும் அந்தக் குழாயடியில் நின்று குளிர் காய்ந்தாய்.

எங்கள் மணத்தை ஒளிக்கக் கட்டிய கொட்டில், தங்கச்சி. உன்னைக் கொன்ற காற்றுக்கு மணமே இல்லை.

மார்கழி முழுக்கத் தலையிடி என்றாய். கோயிலுக்குப் போனால் சுகம், வீட்டுக்கு வந்தால் திரும்பவும் இடிக்கும். வந்து போன சனம் சிரித்தது. "உது மருமகளோட இருக்க ஏலாத தலையிடி" என்றார்கள். சுதா பாவம், அவர்களுக்கும் தேத்தண்ணி ஊத்தினாள். ஒருவராவது உன்னிடம் அந்தக் கொட்டிலில் நிற்காதே என்று சொன்னாரா? மல்லித்தண்ணி அவித்துத் தந்தார்கள். பழைய பொயிலர் ஒழுங்காக எரியாமல் நஞ்சைக் கக்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் நீ அந்தக் கொட்டிலிலேயே விழுந்தாய், எழும்பவில்லை.

செத்தவீட்டில் ஒரு மனிசி, "குடுத்து வைச்சவ, நோகாமல் போயிட்டா" என்றாள். முப்பத்தோராம் நாள் சாப்பாட்டில் பாலன் முன்வரிசையில் இருந்து இரண்டாம் முறையும் வடை கேட்டான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இனி, நீ போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன். உன் வீட்டு மேலறையில்தான் இப்போது நான் இருக்கிறேன். பழைய பொயிலரைக் கழற்றிவிட்டார்கள். ஐப்பசிக் குளிர் தொடங்க, தேவன் புதியது வாங்கினான். பூட்ட வந்தவன் யார் என்று நினைக்கிறாய்? அதே பாலன். நான் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டிலுக்குள், அந்தச் சுவர் ஓட்டைக்கு முன்னால் போட்டு இருந்தேன்.

"ஐயா, கொஞ்சம் எழும்புங்கோ. குழாய் விடவேணும்" என்றான் பாலன்.

"எங்க விடப்போறாய்?"

"உதுக்குள்ளதான். ஓட்டை இருக்குத்தானே."

"என்ர தங்கச்சியைக் கொன்ற ஓட்டையோ?"

தேவன் குறுக்கே வந்தான். "மாமா, பழுதாப் போனது பழைய பொயிலர். இது புத்தம் புதுசு. ஒண்டும் செய்யாது."

"இது ஒருநாளும் பழசாகாதோ? பழுதானா அந்தக் காத்து எங்க போகும்? மேல உன்ர பிள்ளையள் படுக்கிற அறைக்குத்தானே?" பிறகு பாலனைப் பார்த்தேன். "காஸ் வேலைக்குப் பதிஞ்ச அட்டை வைச்சிருக்கிறியோ? காட்டு."

"ஐயா எழுத்துப் படிச்சு முடியேல்லை, அதுக்குள்ள சோதனை போட வெளிக்கிட்டிட்டார்" என்று பாலன் சிரித்தான்.

"ஓம். எடு, எழுத்துக் கூட்டிப் பாப்பம்."

அவனிடம் அட்டை இல்லை. தேவன் என்னைத் தூக்கி வெளியில் விடுகிற மாதிரிக் கிட்ட வந்தான். அப்போதுதான் குசினி வாசலில் நின்ற சுதா கதைத்தாள்.

"இஞ்சரப்பா, கொட்டிலை உடையுங்கோ. மணந்தால் மணக்கட்டும். மாமி மணத்தால சாகேல்லை."

நீ இருக்கும்போது உனக்கும் அவளுக்கும் ஆகாது என்று சனம் கதைத்தது. என்னைத் தவிர உனக்காக அந்த வீட்டில் எழும்பிய குரல் அவளுடையதுதான். 

கொட்டிலை உடைத்தார்கள். பிறகு பதிவு உள்ள ஒருவர் வந்தார். காஸ் குழாயில் கசிவு இருக்கிறதா என்று அளவுமானியைப் பூட்டி, முள் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றார். புகைக்குழாயை யன்னலைவிட்டுத் தள்ளி, வெட்டவெளிக்குத் திறக்க வைத்தார். நச்சுக்காற்று வந்தால் கத்துகிற கருவி ஒன்றையும் பூட்டினார். அவர் வந்த வேலை மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. அவ்வளவுதான் வேலை, தங்கச்சி. அதை முதலே செய்திருந்தால் இந்தக் கடிதத்தை நீ உயிரோடு வாசித்து, என் கையெழுத்தைப் பார்த்துச் சிரித்திருப்பாய்.

தேவன் இன்னமும் வருகிறவர்களுக்கு மாரடைப்பு என்றுதான் சொல்கிறான். பாலன் வேறு யாருடைய வீட்டிலோ கொட்டில் கட்டுகிறானாம். ஆகவே, இந்தக் கடிதத்தை உன் ஆண்டுத்திவசப் புத்தகத்தில் அச்சடிக்கக் கொடுக்கிறேன். சுதா காசு தருகிறேன் என்றாள். தேவன் கோபித்தால் கோபிக்கட்டும்.

நேற்று சுதா வீட்டுக்குள்ளேயே, குசினியில் மீன் பொரித்தாள். மணம் படியேறி என் அறைக்கு வந்தது. சின்னவன் அந்த மணத்தோடுதான் இன்று பள்ளிக்கூடம் போனான். ஒருவரும் அவனைத் திருப்பி அனுப்பவில்லை.

எங்கள் ஆட்களின் எந்த வீட்டுக்குப் போனாலும், தேத்தண்ணி குடிக்க முதல் பின்னால் போய்ப் புகைக்குழாய் எங்கே திறக்கிறது என்று பார்ப்பேன். கொட்டிலுக்குள் திறந்தால் உன் பெயரைச் சொல்லுவேன். எழுதியும் கொடுப்பேன். இது உனக்குத் தருகிற வாக்கு.

தன் கையாலேயே எழுதிய,
உன் அண்ணை