மூன்றாம் வரியில் ஒரு நிறுத்தம்

பிப்ரவரி 9

அன்பின் அண்ணி,

சுகம்தானே? நீங்களும் அண்ணனும் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு போன பிறகு, இந்த வீட்டிலிருந்து உங்களுக்குக் கடிதம் எழுதும் ஒரே ஜீவன் நான்தான். அதனால் பதில் பக்கம் பக்கமாக வர வேண்டும்.

இசைக் கல்லூரி ஆண்டுக் கச்சேரியில் தனியாகப் பியானோ வாசிக்கப் போகிறேன். மதிப்பெண் உண்டு. சர்ச்சில் ஆராதனை முடிவில் அப்பா ஆர்கனில் வாசிப்பாரே, அந்த மாலைப் பாட்டைப் பியானோவுக்கு நானே விரித்து எழுதியிருக்கிறேன். மேடம் கேட்டுவிட்டு, "மூணாவது வரி நடுவுல ஏன் நிக்கிற? மறந்துபோச்சா?" என்றார். பாமாலைப் புத்தகத்தைப் புரட்டினால் அங்கே நிறுத்தமே இல்லை! நம் சபை மொத்தமும் அங்கே நின்றுதானே பாடும்? அப்பாவைக் கேட்டேன். "வாசிக்கிற வேலையப் பாரு" என்று எரிந்து விழுந்தார். காரணம் சொல், இல்லாவிட்டால் எடுத்துவிடு என்கிறார் மேடம். எனக்கு மண்டை குடைகிறது. நீங்கள் பாடகர் குழுவில் முன்வரிசை ஆயிற்றே, ஏதாவது தெரியுமா?

வாலு

பிப்ரவரி 20

அன்பு வாலு,

நீ எழுதியதைப் படித்துச் சிரித்ததில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

காரணம் உன் அண்ணன் துரைதான். அந்த நாளில் ஆர்கனுக்குப் பக்கவாட்டில், திரை மறைவில் நின்று துருத்தி அடித்தது யார்? அடித்துக்கொண்டே இருந்தால்தான் ஆர்கனுக்குக் காற்று போகும். மூன்றாவது வரியில் பெண்குரல் மட்டும் மேலே ஏறுமில்லையா, அப்போது துரை திரை இடுக்கு வழியாக என்னை எட்டிப் பார்ப்பார். கை நின்றுவிடும். ஆர்கன் 'ஙொய்' என்று அடங்கும். உன் அப்பா இருமுவார். துரை திடுக்கிட்டு மறுபடி அடிப்பார். வாரா வாரம் இதே கூத்து. பாட்டே அப்படித்தான் என்று சபையும் நின்று பாடப் பழகிவிட்டது. நீ சின்னப் பெண், அப்படியே பிடித்துக்கொண்டாய்.

இதைப் போய் மேடத்திடம் சொல்லித் தொலைக்காதே. கச்சேரிக்குப் போகலாம் என்று இவரை நச்சரித்தேன். "அப்பா கூப்பிடட்டும், வர்றேன்" என்கிறார். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்த பிள்ளை. நான்கு வருடமாக இந்த வீம்போடு குடித்தனம் நடத்துகிறேன். எனக்கும் உங்களையெல்லாம் பார்க்க ஏக்கமாகத்தான் இருக்கிறது.

உன் அண்ணி

மார்ச் 2

அன்பின் அண்ணி,

இப்போது வேறொன்று குடைகிறது. நீங்கள் போன கையோடு துருத்திக்கு மோட்டார் வைத்துவிட்டார்கள். மோட்டார் யாரையும் எட்டிப் பார்ப்பதில்லையே! போன ஞாயிறு அப்பா பக்கத்திலேயே நின்று கவனித்தேன். காற்று தங்குதடையில்லாமல் வருகிறது. ஆனால் அந்த இடம் வந்ததும் அப்பா தானாகவே இரண்டு கையையும் தூக்கிவிடுகிறார். வெறும் பழக்கமா? கேட்டால் மறுபடி எரிந்து விழுவார்.

நான் அதை எடுக்கப் போவதில்லை. மதிப்பெண் போனால் போகட்டும்.

வாலு

மார்ச் 16

அன்பின் அண்ணி,

நேற்று வாசித்தேன். மூன்றாவது வரியில் நின்றேன். யாரோ நாற்காலியில் நெளிந்த சத்தம்கூடக் கேட்டது. மீதியை ஒழுங்காக வாசித்து முடித்தேன்.

மேடம் விடவில்லை. கேட்க வந்திருந்த அப்பாவையே வாசலில் பிடித்துக்கொண்டார். "சார், நீங்களாவது சொல்லுங்க. அந்த இடத்துல என்ன இருக்கு?" நான் அப்பாவை இழுத்துக்கொண்டு ஓடிவிடப் பார்த்தேன். அப்பா தொண்டையைச் செருமினார்.

"அங்க என் பையன் கை நின்னுடும்மா. அவனுக்காகக் கொஞ்சம் நிக்கணும்."

என் பையன்! நான்கு வருடத்தில் முதல் தடவை, அண்ணி. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. மேடம் ஒன்றும் புரியாமல் தலையாட்டினார்.

பஸ்ஸில் வரும்போது, "கை ஏன் நிக்கும்னு தெரியுமாப்பா?" என்று வாயைக் கிண்டினேன்.

"ஆர்கன் மேல கண்ணாடி எதுக்கு மாட்டியிருக்கு? பக்கத்துல, பின்னால நடக்கிறதெல்லாம் அதுல தெரியும்" என்றார். சிரிப்பை அடக்கினாரா, வேறு எதையாவது அடக்கினாரா, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டதால் தெரியவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வந்து எதிரே உட்கார்ந்தார். உறையை எடுத்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "விலாசம் சொல்லட்டுமா?" என்றேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, எதையும் பார்க்காமலே உங்கள் விலாசத்தைக் கடைசி வரி வரை எழுதி முடித்தார்.

உங்கள் வாலு