பங்களா அடுப்புக்கு நீங்கள் செய்த மேசை

அப்பா,

நேற்று சாயங்காலம் கொழும்பில் ஒரு பெரிய கடையில், சாமான் தள்ளும் வண்டியின் முன்சக்கரம் இறுகிக் கிடந்தது. அரிசியும் மாவும் ஏற்றிய பிறகுதான் தெரிந்தது. முடக்கில் வண்டி வளையாமல் நேரே போய் பிஸ்கட் அடுக்கில் முட்டி நின்றது. நான் யோசிக்கவேயில்லை. முன்பக்கம் போய், முழங்காலை மடித்து, வண்டியின் நுனியைத் தூக்கி, ஓர் எட்டுப் பக்கவாட்டில் நகர்ந்து, கீழே வைத்தேன். வாசலில் நின்ற காவல்காரர் சிரித்தார். "மிஸ், வேற ஒண்ணு எடுங்களேன். இத்தன இருக்கே."

ஆமாம், இத்தனை இருந்தன. எனக்கு அது தோன்றவில்லை. அந்தத் தூக்கு உங்களுடையது.

எனக்குக் கல்வியியற் கல்லூரியில் இடம் கிடைத்த வருஷம் அது. யட்டியாந்தோட்டைக்கு மேலே அந்த ரப்பர் தோட்டத்தில் நீங்கள்தான் தச்சு பாஸ். அம்மா பால்வாளியோடு சரிவில் விழுந்து, இடுப்பு போய், வேலைப் பதிவிலிருந்து பேர் வெட்டப்பட்டு இரண்டு வருஷமாகியிருந்தது. உங்களுக்கும் அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. காம்பராவில் குடியிருக்க வேண்டுமானால் வீட்டில் ஒருவர் பேராவது செக்ரோல் பதிவில் இருக்க வேண்டும் என்பது தோட்டத்து வழக்கம். உங்கள் பேர் போனால் மிஞ்சுவது என் பேர்தான்.

கிளாக்கர் ஐயா குடையைக்கூட மடிக்காமல் வாசலில் நின்று சொன்னார். "மக பேரப் பதிஞ்சிருங்க பாஸ். இல்லாட்டி காம்பராவ விட்டுத்தான் ஆகணும்."

"படிச்ச புள்ளைங்க, ஐயா. பால் வெட்டப் போகுமா?" என்றார் அம்மா, பாயில் படுத்தபடியே.

"ஏன், படிச்சவங்க தொட்டா மரம் பால் குடுக்காதா?"

நீங்கள் சிரித்து வைத்தீர்கள். அவர் போனபிறகு நான் ஒரு புத்தகத்தைத் திறந்து ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் காம்பராவில் கோபப்படக்கூட இடம் கிடையாது. இங்கே பெருமூச்சு விட்டால் பக்கத்துக் காம்பராவில் "என்னாச்சு?" என்று கேட்பார்கள். கல்லூரிக்குப் போக ஐந்து வாரம் இருந்தது. ஒவ்வொரு நாளும் விடியற்காலை வேலைக்கு ஆள் திரட்டும் பெரட்டுத் தப்பு அடிக்கும்போது, அது என்னைத்தான் கூப்பிடுகிறது என்று நினைத்துக்கொண்டு எழும்புவேன்.

அந்த வாரம்தான் பெரிய துரை, ஊருக்குத் திரும்பிப் போகும் ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து அந்த இறைச்சி சுடும் அடுப்பை வாங்கி வந்தார். முழுக்க வார்ப்பிரும்பு. லொறியிலிருந்து நாலு பேர் சேர்ந்து இறக்கி, நாலு பேரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வெயிலடித்தால் புல்வெளியில் வைக்க வேண்டும், மழை வந்தால் விறாந்தைக்குக் கொண்டுவர வேண்டும். நம் பக்கத்து மழையைப் பற்றி யாருக்குத் தெரியாது? அதற்குச் சக்கரம் வைத்த மேசை வேண்டும் என்று துரை உங்களைக் கூப்பிட்டனுப்பினார். நீங்கள் திரும்பி வந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது.

"மேச நல்லா வந்துச்சுன்னா, துரைகிட்ட ஒரு வார்த்த கேட்டுப் பாக்கலாம், புள்ள" என்றீர்கள். காம்பராவைப் பற்றித்தான் என்று எனக்குத் தெரியும்.

இடித்துப் போட்ட பழைய பெரட்டுக் களத்துக் கொட்டகையின் பலா உத்திரங்களை எடுத்தீர்கள். கால்கள் நாலு அங்குலக் கட்டை. பொருத்து ஒவ்வொன்றுக்கும் கழுந்து செதுக்கி, துளையில் இறக்கி, மேலே போல்ட்டும் போட்டீர்கள். குறுக்குச் சட்டம், கரி மூட்டை வைக்கக் கீழே ஒரு தட்டு. மரம் பற்றிக்கொள்ளக் கூடாதென்று மேலே தகரம் அடித்து, அதன்மேல் உலைச் செங்கல் பதித்தீர்கள். ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைவீட்டின் பழைய வண்டிகளிலிருந்து நாலு இரும்புச் சக்கரங்களைக் கழற்றி, விளிம்பை அராவி, அச்சோடு சேர்த்து இறுக்கினீர்கள். ஸ்டோரில் வேலை செய்த எல்லோரும் வந்து ஏறி நின்று பார்த்தார்கள். "பாஸ், இதுல அடுப்பு வைக்கிறதவிட மாப்புள பொண்ண வைக்கலாமே" என்றார் ஒருவர். ஆறு பேர் ஏறி நின்றும் மேசை முனகவில்லை. நீங்கள் அதை முன்னும் பின்னும் உருட்டிக் காட்டினீர்கள். வெண்ணெயில் கத்தி போவது போலப் போனது.

முன்னும் பின்னும் மட்டும்தான். அதை நாம் யாருமே கவனிக்கவில்லை. முப்பது வருஷமாக நீங்கள் செய்த வண்டிகளெல்லாம் தண்டவாளத்தில் நேரே புகைவீட்டுக்குள் போய், நேரே வெளியே வந்தவை. ஒரு வண்டி வளைய வேண்டும் என்ற எண்ணம் உங்களுக்கு வராததுபோலவே, பார்த்துக்கொண்டு நின்ற எவருக்கும் வரவில்லை. அந்தத் தோட்டத்தில் வளைந்து போகும் வண்டி என்று துரையின் ஜீப்பைத் தவிர வேறு எதைப் பார்த்திருக்கிறோம்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விருந்து. வெங்காயம் உரிக்க ஆள் போதாமல் என்னையும் பங்களாக் குசினிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஜன்னலில் நின்று பார்த்தேன். நீங்கள் தள்ள, விறாந்தையின் சாய்தளத்தில் மேசை அழகாக இறங்கியது. கீழே வலப்பக்கம் திரும்பினால்தான் புல்வெளி. மேசை திரும்பவில்லை. நேரே ரோசாப் பாத்தியைப் பார்த்து நின்றது.

குசினிக்காரர் பியதாச என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, பாதி சிங்கள மரியாதையோடு சொன்னார். "பாஸ் உன்னெஹே கெட்டியாத்தான் செஞ்சிருக்காரு. ஆனா கழுத்து புடிச்ச மாடு மாதிரியில்ல நிக்குது!"

நீங்கள் ஒரு கணம்தான் நின்றீர்கள். பிறகு முன்பக்கம் போய், குனிந்து, அடுப்பும் கல்லும் கரியுமாக இருந்த அந்த நுனியை இரண்டு கையாலும் தூக்கி, ஓர் எட்டு நகர்ந்து வைத்தீர்கள். மறுபடி தூக்கி, மறுபடி ஓர் எட்டு. விருந்தினர்கள் கைதட்டினார்கள், அது ஏதோ வித்தை என்று நினைத்து. மூன்று மணிக்கு மழை வந்தது. இப்போது அடுப்பு தணலாயிருந்தது. சாக்கை நனைத்துக் கையில் சுற்றிக்கொண்டு அதே மாதிரி தூக்கித் திருப்பி, விறாந்தையில் ஏற்றினீர்கள். உங்கள் சட்டையிலிருந்து ஆவி கிளம்பியது. நான் உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டேன்.

துரைக்கு ஒரே சந்தோஷம். "பாஸ், நல்ல ஸ்ட்ரோங் மேச. ஆனா ஒங்கள விட்டா வேற யாருக்கும் இது தூக்க ஏலாது, என்ன?"

"நா வர்றேங்க தொர. எப்பக் கூப்புட்டாலும் வர்றேன். பேர் வெட்டுன பொறகும் வர்றேங்க." பிறகு, குரலை இறக்கி, "காம்பரா மட்டும்…" என்றீர்கள்.

துரை சிரித்தார். "சரி, சரி. நீங்க வந்து தள்ளுற வரைக்கும் காம்பராவ யாரும் கேக்க மாட்டாங்க. கிளாக்கருக்குச் சொல்றேன்."

மேசை திரும்பியிருந்தால் அவர் அதைச் சொல்லியிருக்கவே மாட்டார். உங்கள் பிழைதான் எங்களைக் காப்பாற்றியது என்று அன்றைக்கு நினைத்தேன். ஐந்தாம் வாரம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்லூரிக்குப் போய்விட்டேன்.

முதல் விடுமுறைக்கு வரும்போது புறக்கோட்டை இரும்புக்கடையில் நாலு சக்கரம் வாங்கி வந்தேன். எந்தப் பக்கமும் சுழலும் சக்கரங்கள். நீங்கள் ஒன்றை உள்ளங்கையில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தீர்கள். "நல்லாத்தான் சுத்துது" என்றீர்கள். அப்புறம் பேப்பரில் சுற்றி, கூரைச் சட்டத்துக்கு மேலே வைத்துவிட்டீர்கள்.

"மாட்டலியாப்பா?"

"மாட்டுனா பியதாசவே ஒத்தக் கையால தள்ளிட்டுப் போயிருவான், புள்ள. அப்புறம் என்னைய எதுக்குக் கூப்புடப் போறாங்க?"

அம்மா திரும்பிப் படுத்தார். நீங்கள் தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டிருந்தீர்கள். ஏதோ வானிலையைப் பற்றிச் சொன்னது போலத்தான் சொன்னீர்கள்.

அதன்பிறகு ஏழு வருஷம். எந்த ஞாயிறும் உங்களுடையதாக இல்லை. என் கல்லூரிப் பட்டமளிப்புக்கு வரவில்லை. நான் முதன்முதலில் படிப்பித்த பள்ளிக்கூடத்தை நீங்கள் பார்த்ததேயில்லை. "கொழும்புக்கு ஒரு தரம் வாங்களேன்" என்றால், "தொர வீட்டுக்கு ஆள் வந்தா?" என்பீர்கள். துரை மாறினார். புதியவருக்கும் அடுப்பு பிடித்திருந்தது. ஒவ்வொரு தடவை வரும்போதும் உங்கள் முதுகு இன்னும் கொஞ்சம் வளைந்திருந்தது. போன வருஷம் நெஞ்சுச் சளியோடு நீங்கள் படுத்து, எழும்பாமலே போனபோது, எட்டாம் நாள் காரியம் கழிந்த மறுநாள் கிளாக்கர் வந்து காம்பராவைக் கேட்டார். அம்மா இப்போது என்னோடு வாடகை அறையில் இருக்கிறார்.

நான் படித்த கதைகளில் தப்பிப் போகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்கள் போவதற்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவருக்கு ஒரு பக்கம்கூடக் கிடைப்பதில்லை. நான் எழுதினால் அவரைப் பற்றித்தான் எழுதுவேன் என்று பல தடவை நினைத்திருக்கிறேன். ஆனால் எழுத உட்கார்ந்தால், உங்களைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் வேறொன்றைச் சொல்லியாக வேண்டியிருக்கிறது. அதை இதுவரை அம்மாவிடமும் சொன்னதில்லை.

அந்த விடுமுறையில் நீங்கள் அப்படிச் சொன்னபோது, 'வேண்டாம்பா, மாட்டுங்க, நான் வந்து பேர் பதிகிறேன்' என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. ஒரு வாரம் முழுக்க இருந்தது. நான் சொல்லவில்லை. திரும்பிப் போகும் நாளில் என் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ரோட்டு வரைக்கும் வந்தீர்கள். "ஓடு, சீட்டுப் புடி" என்றீர்கள். ஓடினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் கிளம்பியதும் எனக்குள்ளே வந்தது அழுகை இல்லை, அப்பா. நிம்மதி.

அதைத்தான் இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.