பெட்டிக்குள் உட்கார்ந்த அப்பா

என் அன்பு மகள் சிட்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் முழங்கால் நீங்கலாக மற்ற எல்லா வகையிலும் சுகம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். நினைத்துக்கொள்ளத்தான் முடியும், கேட்டால் எப்போதும் நல்லாத்தான் இருக்கேன் என்பாய். ஆனால் போன வாரம் போனில் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாயே, ஆபீஸ் கூட்டத்துக்கு வருகிறவர்கள் உன்னைப் பயிற்சிக்கு வந்த பெண்ணா என்று கேட்கிறார்கள், நீ செய்த வேலையைப் பற்றிய கேள்வியைக்கூடப் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தே கேட்கிறார்கள், பேசாமல் வேலையை விட்டுவிடலாமா என்றிருக்கிறது என்று. அதற்கு நான் உம் கொட்டிவிட்டு அங்கே மழையா என்று கேட்டேன். எனக்கு உடனே பதில் வராது, உனக்குத் தெரியும். பதில் இந்த வாரம் பள்ளிக்கூடத்தில் கிடைத்தது. அதைப் போனில் சொல்லப் போனால் உங்கப்பா போனைப் பிடுங்கித் தன் கதையாகச் சொல்லிவிடுவார், அதில் நான் வரவே மாட்டேன். அதனால்தான் கடிதம்.

பிள்ளைகளுக்குச் செயற்கை நுண்ணறிவு பற்றிச் சொல்லித்தர வாரத்தில் ஒரு பீரியட் வேண்டும் என்று நான் தலைமை ஆசிரியையிடம் கேட்டிருந்தேன் அல்லவா. இத்தனை வருஷத்தில் நான் வாய்திறந்து கேட்ட முதல் காரியம் அதுதான் என்பதால் அவரே அதிர்ந்துபோய்த் தந்துவிட்டார். ஆனால் கணக்கு வாத்தியாருக்கு அந்த பீரியடின் மேல் ஒரு கண். கம்ப்யூட்டரே இல்லாமல் கம்ப்யூட்டர் பாடமாம், பிள்ளைகள் விளையாடுறாங்க, அதை எனக்குக் குடுத்தா நாலு கணக்காவது போடுவாங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் தலைமை ஆசிரியை, கல்வி அதிகாரி அம்மா பார்வையிட வருகிறார், உங்கள் வகுப்பில் உட்காருவார், அவர் இது விளையாட்டுதான் என்று சொல்லிவிட்டால் பீரியட் கணக்குக்குப் போய்விடும் என்றார்.

நீ சொல்லிக்கொடுத்த விளையாட்டைத்தான் செய்வதாக முடிவு செய்தேன். இயந்திரம் எதையும் தானாகத் தெரிந்துகொள்வதில்லை, நாம் காட்டும் படங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறது என்பதைப் புரியவைக்க ஓர் ஆளைப் பெட்டிக்குள் உட்காரவைப்பது. நம் வீட்டு ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டி பரண்மேல் இருந்ததே, அதேதான். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறவர்களைப் படம் வரைந்து, பின்னால் ஆசிரியர் அல்லது மாணவர் என்று எழுதி, பெட்டியில் வெட்டிய துவாரம் வழியாக உள்ளே போட வேண்டும். உள்ளே இருக்கிறவர் எல்லாப் படங்களையும் பார்த்து, ஆசிரியர் எப்படி இருப்பார், மாணவர் எப்படி இருப்பார் என்று தானே கண்டுபிடிக்க வேண்டும். பிறகு பின்னால் எதுவும் எழுதாத ஒரு புதுப் படத்தைப் போட்டால் யார் என்று சொல்ல வேண்டும். இதற்குப் பள்ளிக்கூடத்தில் யாரையும் அறியாத ஆள் தேவை. பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்று, பேச ஆள் கிடைக்காமல் தவிக்கும் மனிதர் ஒருவர் நம் வீட்டிலேயே இருக்கிறாரே. கேட்டதுதான் தாமதம், உங்கப்பா சவரம் செய்துகொண்டு வந்துவிட்டார். பெட்டிக்குள் யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டேன், அதிகாரி வர்றாங்கல்ல என்றார். மெஷின் வாயைத் திறக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னதும் முகம் வாடிவிட்டது. பிறகு தன் பழைய விசிலைத் தேடி எடுத்தார். ஒரு விசில் என்றால் மாணவர், இரண்டு விசில் என்றால் ஆசிரியர் என்று பேசிக்கொண்டோம்.

பிள்ளைகளை முந்தின நாளே இடைவேளையில் அனுப்பிப் படம் வரையச் சொல்லியிருந்தேன். அதிகாரி அம்மா தலைமை ஆசிரியையோடு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார், சிரிப்பு என்றால் என்ன விலை என்று கேட்கும் முகம். படங்கள் உள்ளே போயின, பெட்டிக்குள்ளிருந்து உம், ஓகோ என்று முனகல் வந்தது, மெஷின் யோசிக்குது என்று சமாளித்தேன். எங்கள் வகுப்பில் எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்கும் ஒரு பெண் இருக்கிறாள், கேள்விக்குறி என்றே கூப்பிடுவோம், அவள் எழுந்து, முதல்ல அந்த மேடத்தைப் போட்டுப் பாக்கலாமா டீச்சர் என்றாள். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் படம் வரைந்து உள்ளே போட்டுவிட்டார்கள். ஒரு விசில். கல்வி அதிகாரி, மாணவர். தலைமை ஆசிரியை என்னைப் பார்த்த பார்வையில் கணக்குப் புத்தகமே தெரிந்தது. அந்த நேரம் பார்த்து வாட்ச்மேன் அதிகாரிக்கு டீ கொண்டுவந்தார். சரி, இவரைப் பாருங்கள் என்று அவரை வரைந்து போட்டால், ஜோராக இரண்டு விசில், கூடவே பெட்டிக்குள்ளிருந்து, குட் மார்னிங் சார். வாட்ச்மேன் பாவம், பதிலுக்குப் பெட்டியைக் கும்பிட்டார். வகுப்பே உருண்டு சிரிக்கிறது, நான் மட்டும் சுவரில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கிறேன். போதாக்குறைக்கு யாரோ, டீச்சரை மெஷின் கரெக்டா சொல்லும் பாருங்க என்று என்னையும் வரைந்து போட்டார்கள். உள்ளே இருப்பவர் எனக்குத் தாலி கட்டியவர். ஒரே ஒரு விசில்.

உனக்கே தெரியும் சிட்டு. நம் இரண்டு குடும்பத்திலும் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான், இன்றைக்கும் வகுப்புக்குள் நுழையும்போது உட்காரவா நிற்கவா என்று ஒரு நொடி குழம்புகிறவள். அதை எப்படி அந்த அட்டைப் பெட்டி கண்டுபிடித்தது என்று இருந்தது. பீரியட் போனது என்றே நினைத்துவிட்டேன். என்ன செய்வதென்று தெரியாமல், அது எதைப் பார்த்துக் கற்றுக்கொண்டதோ அதையே நாமும் பார்ப்போம் என்று சொல்லி, படங்களை வெளியே எடுத்துத் தரையில் பரப்பச் சொன்னேன். பிள்ளைகள் குனிந்து பார்த்தார்கள். காகிதத்தில் எல்லோரும் ஒரே உயரம், எல்லோருக்கும் ஒரே முட்டைத் தலை. வகுப்பிலேயே சின்னவள், பட்டாணி என்று பேர் வைத்திருக்கிறோம், அவள் மெதுவாக, டீச்சர், எல்லா டீச்சர் கையிலயும் டீ டம்ளர் இருக்கு, எங்க யார் கையிலயும் இல்ல என்றாள். இடைவேளையில் வரையச் சொன்னது நான்தானே, இடைவேளையில் ஆசிரியர்கள் எங்கே இருப்பார்கள், ஓய்வறையில் டம்ளரும் கையுமாகத்தான். பெட்டிக்குள்ளிருந்து உங்கப்பா, அதைத்தானம்மா நான் முதல்லேர்ந்து பாத்துக்கிட்டிருக்கேன், ஒருத்தராவது கேட்டீங்களா என்றார். மெஷின் பேசக் கூடாது என்று பிள்ளைகள் அதட்டினார்கள்.

அதற்குள் கேள்விக்குறி படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, உங்க படத்தை ஏன் யாருமே போடல டீச்சர் என்று கேட்டாள். அதற்குப் பதில் எனக்குத் தெரியும். நான் டீ குடிப்பதில்லை, அந்த ஓய்வறைக்கும் போவதில்லை, அங்கே எல்லோரும் சத்தமாகப் பேசுவார்கள், எனக்கு நடுவில் புகுந்து பேச வராது, வகுப்பிலேயே உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இடைவேளையில் நான் இங்கதாம்மா இருப்பேன் என்று மட்டும் சொன்னேன். யாரும் சொல்லாமலேயே பிள்ளைகள் காகிதத்தை எடுத்து ஆளாளுக்கு என்னை வரைய ஆரம்பித்துவிட்டார்கள், டம்ளர் இல்லாமல், கையில் சாக்பீஸோடு, ஒருத்தி மட்டும் இறக்கையோடு. பின்னால் ஆசிரியர் என்று கொட்டை எழுத்தில் எழுதித் துவாரத்தில் திணித்தார்கள், உள்ளே மூச்சு முட்டுதுப்பா என்று மெஷின் அலறியது. பிறகு புதிதாக என் படம் ஒன்றைப் போட்டார்கள். இரண்டு விசில், பஸ் நிலையமே கிளம்பிவிடும் அளவுக்கு. அதிகாரி அம்மா எழுந்து வந்து தன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, என்னையும் சேத்து வரைங்க என்று பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். போகும்போது தலைமை ஆசிரியையிடம், இந்த பீரியட் இங்கயே இருக்கட்டும், அந்த மெஷினுக்கு மட்டும் ரெண்டு ஓட்டை போட்டுக் காத்து விடுங்க என்றார்.

வீட்டுக்கு வந்து, கட்டின பெண்டாட்டியைத் தெரியவில்லையா என்று உங்கப்பாவைப் பிடித்துக்கொண்டேன். மெஷினுக்கு ஏதுடி பெண்டாட்டி, டம்ளர் இல்ல, நான் என்ன செய்ய என்றார். அதை நினைத்து நினைத்துப் பார்த்தேன். உன்னைப் பயிற்சிக்கு வந்தவளா என்று கேட்கிறவர்களும் அப்படி ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்து படித்தவர்கள்தான், அவர்களுக்குக் காட்டிய படங்களில் நீ இல்லை, அவ்வளவுதான். அதற்காக நீ மாணவி ஆகிவிட மாட்டாய். பெட்டியைத் திட்டிப் பயனில்லை, படத்தைக் கூட்ட வேண்டும். வேலையை விட்டுவிட்டால் அடுத்து வருகிற பெண்ணுக்கும் ஒரு விசில்தான் கிடைக்கும். கூட்டத்தில் ஓரமாக உட்காராதே, இது என் வேலை, என்னிடம் கேளுங்கள் என்று சொல். சொல்லும்போது குரல் நடுங்கினால் நடுங்கட்டும், எனக்கும் நடுங்குகிறது. நானும் இப்போது இடைவேளையில் ஓய்வறைக்குப் போகிறேன், டம்ளரில் வெந்நீர் வைத்துக்கொண்டு நிற்கிறேன். நேற்று கணக்கு வாத்தியார் நகர்ந்து இடம் கொடுத்தார்.

நோய் நொடி இல்லாமல், நினைத்தது கைகூடி, நீ நன்றாக இருக்க வேண்டும். கம்பளிக் காலுறையைப் போட்டுக்கொள், அலமாரியில் வைத்து அழகு பார்க்காதே. அடுத்த ஆபீஸ் கூட்டம் முடிந்ததும் போன் செய், என்ன நேரமானாலும் பரவாயில்லை. அப்பா இப்போதே விசிலைக் கழுவி வைத்திருக்கிறார், உனக்கு இரண்டு ஊதுவாராம், காதிலிருந்து போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொள்.

உன் வரவை எண்ணியிருக்கும்,
அம்மா
(ஆசிரியர்)