விடுதிக்குப் போன பருப்புப் பொடி

செங்கல்பட்டு,
6-3-1955

அன்புள்ள உங்களுக்கு, கோமளம் நமஸ்காரத்துடன் எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் உங்கள் அம்மாவும் நானும்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை. ஆனால் சனிக்கிழமை ஒருபொழுதை விடச் சொன்னால் கோபம் வருகிறது. பிள்ளை ஸ்காட்லாந்தில் ரொட்டியும் உருளைக்கிழங்குமாகக் காலம் தள்ளும்போது தனக்கு இரண்டு வேளைச் சாப்பாடு எதற்கு என்கிறார்.

உங்கள் நாலு பக்கக் கடிதம் வந்தது. முக்கால்வாசி பூட்ஸ் பற்றி இருந்தது. தொடை வரைக்கும் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஆற்றில் நிற்பதற்கு ஜூன் மாதம் போகப் போகிறீர்கள் என்று புரிந்துகொண்டேன். இன்வர்னெஸ் வரை ரயில், அப்புறம் ஒரு சின்ன ரயில், அப்புறம் தபால் வண்டி, கடைசியில் ஏரியில் எட்டு மைல் படகு ஏறினால்தான் அந்த மீன்பிடி விடுதி. பள்ளிக்கூட அட்லாஸில் அந்த ஏரியைத் தேடினேன். தலைமயிர் அகலத்துக்கு ஒரு நீலக்கோடு இருக்கிறது, அதுவாகத்தான் இருக்கவேண்டும். போனவருஷம் மழையில் வழுக்கி விழுந்ததாக எழுதியிருந்தீர்கள். இந்தத் தடவை கம்பு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பெரிய இன்ஜினீயர் அடுத்த அணைக்கட்டு வேலைக்கு ஆளை ஆபீஸில் பொறுக்குவதில்லை, அந்த விடுதியில் மீன் பிடிக்கும்போதுதான் பொறுக்குகிறார் என்றால் நீங்கள் போகத்தான் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

அவருக்காக நீங்கள் கேட்ட காட்டுக்கோழிக் கழுத்து இறகு கிடைத்துவிட்டது. என் வகுப்புப் பெண் பூவாயியின் அப்பா செங்கல்வராயன் அச்சரப்பாக்கத்து மலையடியில் நிலம் வைத்திருக்கிறார். அவரிடம் கேட்டேன். "ஐயங்காரு வூட்ல கோழி எறவு இன்னாத்துக்கு டீச்சரம்மா, காது கொடையவா?" என்றார். சீமையில் இதை நூலால் கட்டி ஈ மாதிரி செய்வார்கள், அதை நிஜ ஈ என்று நினைத்து மீன் வாயைத் திறக்கும் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. ஆனாலும் மறுவாரமே இரண்டு கழுத்துத் தோலைக் காயவைத்துக் கொண்டுவந்தார். கறுப்பு இறகின் நுனியில் மஞ்சள் மெழுகு சொட்டியதுபோல் புள்ளிகள். பார்க்க அழகாகவே இருக்கின்றன.

அம்மா கண்ணில் பட்டால் வீட்டைக் கழுவிவிட்டு என்னையும் கழுவுவார். அதனால் ஜெசிந்தாவின் தையல் அலமாரியில் வைத்திருக்கிறேன். ஜெசிந்தா எங்கள் தையல் டீச்சர், கோவளத்துப் பெண். அவள் அண்ணன் துரை கட்டுமரக்காரர். சீமையில் ஒரு மீனுக்கு ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்பார்களாம் என்று அவரிடம் சொன்னாளாம். அப்படி நின்றால் வீட்டில் சாயங்காலம் என்ன சாப்பிடுவார்கள் என்று அவர் கேட்டாராம்.

நீங்கள் சொன்னபடியே இறகுகளை விடுதிக்கார அம்மாளின் பேருக்கு நேராகக் கப்பல் பார்சலில் அனுப்புகிறேன். நீங்கள் சொல்லாத ஒன்றையும் சேர்த்திருக்கிறேன். சுற்றிலும் மீன் வறுக்கிற இடத்தில் பத்து நாள் என்ன சாப்பிடப்போகிறீர்கள் என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு தகர டப்பா பருப்புப் பொடி இடித்துக் கொடுத்திருக்கிறார். சூடான சாதத்தில் வெண்ணெயோடு பிசைந்து என் கணவருக்குக் கொடுக்கவும், அவர் மீன் மாமிசம் தொடமாட்டார் என்று அந்த அம்மாளுக்கு இங்கிலீஷில் ஒரு கடிதமும் வைத்திருக்கிறேன். இலக்கணம் சரியாகத்தான் இருக்கும், பயப்படவேண்டாம்.

என் பிரயாணத்தைப் பற்றி இந்தத் தடவையும் நீங்கள் எழுதவில்லை. ஆறு மாதத்தில் அழைத்துக்கொள்கிறேன் என்று போனீர்கள். இரண்டு வருஷமாகப் போகிறது. அங்கே எனக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, என்னையும் பட்டினி போட மனமில்லை என்று மூன்று கடிதங்களில் எழுதிவிட்டீர்கள். பட்டினி கிடப்பதென்றால் இரண்டு பேராகக் கிடக்கலாமே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பாஸ்போர்ட் பெட்டியில் இருக்கிறது. யோசித்து எழுதுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

கோமளம்


செங்கல்பட்டு,
17-7-1955

அன்புள்ள உங்களுக்கு, கோமளம் நமஸ்காரம்.

நல்ல மழை. அம்மா சுகம். உங்களுக்கு அணைக்கட்டு வேலை கிடைத்தது பற்றி மிகவும் சந்தோஷம். உங்கள் இரண்டு வரிக் கார்டு வருவதற்கு முன்பே எனக்கு அது தெரியும். விடுதிக்கார அம்மாள் எழுதியிருந்தார். பள்ளிக்கூட விலாசத்தைக் கொடுத்திருந்தேன், அங்கேதான் கடிதம் வந்தது. அகராதியை இரண்டு தடவைதான் பார்த்தேன்.

இறகுகள் பழுதில்லாமல் வந்தனவாம். உங்கள் பெரிய இன்ஜினீயர் குழந்தை மாதிரி குதித்தாராம். பருப்புப் பொடிக்கும் ரொம்ப நன்றி சொல்லியிருக்கிறார். அரிசி அந்தப் பக்கத்தில் கிடைக்காததால் வேறு வழியில் உபயோகப்படுத்தினாராம். நீங்கள் பிடித்த மீன்களின் மேல் அதைத் தடவி வெண்ணெயில் வறுத்துப் பரிமாறினாராம். மேஜையில் எட்டுப் பேரும் புகழ்ந்தார்களாம். நீங்கள் மூன்று மீன் சாப்பிட்டுவிட்டு, எங்கள் வீட்டு வாசனை அடிக்கிறது என்று சொன்னீர்களாம். போனவருஷமும் நீங்கள் நன்றாகச் சாப்பிட்டவர் என்பதால், மீன் தொடமாட்டார் என்று நான் எழுதியதை வேடிக்கைக்கு எழுதியதாக நினைத்துக்கொண்டாராம்.

ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து படித்தேன். முதலில் சிரிப்புத்தான் வந்தது. அம்மா ஈரப்புடவையோடு மடியாக இடித்த பொடி அது.

அதற்கு அடுத்த பாராவில் சிரிப்பு நின்றது. நான் ஏன் வரவில்லை என்று அவர்கள் மேஜையில் கேட்டார்களாம். மனைவிக்குப் பள்ளிக்கூடப் பெண்களை விட்டுப் பிரிய மனமில்லை, எத்தனை தடவை கூப்பிட்டாலும் மறுக்கிறாள் என்று நீங்கள் சொன்னீர்களாம். நீங்கள் என்னைக் கூப்பிட்ட கடிதம் எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை. வீட்டுக்கு வந்ததும் பெட்டியில் இருக்கிற முப்பத்தொரு கடிதங்களையும் எடுத்துத் திரும்பப் படித்தேன். அவற்றில் இல்லை.

ஸ்டாஃப் ரூமில் படித்தபோது ஜெசிந்தா பக்கத்தில் இருந்தாள். அழுதுவிட்டேன், அதனால் அவளுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. மீனுக்காக அழுவதாக நினைத்து, "துன்னது ஒண்ணும் தப்பில்ல டீச்சர், சொல்லாம துன்னாரு பாரு, அதான் தப்பு" என்றாள். நான் அவளைத் திருத்தவில்லை.

அம்மாவுக்கு அந்தக் கடிதத்தைத் தமிழில் படித்துக் காட்டினேன். மீன் என்று வந்த இடத்திலெல்லாம் உருளைக்கிழங்கு என்று படித்தேன். மூன்று உருளைக்கிழங்கு சாப்பிட்டீர்கள் என்றதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பெருமாளே, குழந்தைக்கு ஆத்து ருசி கெடச்சுதே" என்றார். அந்தச் சனிக்கிழமை இரண்டு வேளையும் சாப்பிட்டார். நீங்களும் அவருக்கு எழுதும்போது உருளைக்கிழங்கு என்றே எழுதுங்கள். அந்தப் பொய் என்னுடையதாக இருக்கட்டும்.

இனி என் காரியம். அந்த அம்மாள் என்னையும் வரச் சொல்லியிருக்கிறார். பட்டாணி, பால், பாலாடைக்கட்டி, உருளைக்கிழங்கு எல்லாம் உண்டாம். முட்டை கலக்காமல் சமைக்கவும் தெரியுமாம். செப்டம்பர் பன்னிரண்டிலிருந்து பத்து நாளைக்கு ஆற்றைப் பார்த்த அறை ஒன்று காலியாக இருக்கிறது என்றார். எடுத்துக்கொள்கிறேன் என்று பதில் போட்டுவிட்டேன். பள்ளிக்கூடத்தில் லீவு கொடுத்துவிட்டார்கள். அம்மாவை உங்கள் தங்கை ரமா கருங்குழிக்கு அழைத்துப் போகிறாள். பம்பாயில் ஆகஸ்டு பதினாறாம் தேதிக் கப்பலில் இடம் சொல்லியிருக்கிறேன். கட்டணத்தைப் பற்றி நீங்கள் கவலைப்படவேண்டாம், நானும் சம்பளம் வாங்குகிறவள்.

நீங்கள் மீன் சாப்பிடுவதில் எனக்கு வருத்தம் இல்லை என்றால் பொய். கொஞ்சம் இருக்கிறது. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு வைத்தால் தீர்ந்துபோகிற வருத்தம்தான். குளிரில் ஆற்றில் நிற்கிறவருக்கு உடம்பில் தெம்பு வேண்டும், நன்றாகச் சாப்பிடுங்கள்.

சாப்பாட்டைக் காரணமாக இனி எழுதவேண்டாம். பள்ளிக்கூடப் பெண்களையும் சொல்லவேண்டாம். நான் வரக்கூடாது என்பதற்கு வேறு காரணம் ஒன்று இருந்தால், அது எதுவானாலும், ஒரே வரியில் எழுதிவிடுங்கள். இது கிடைத்த அன்றே எழுதினால் நான் பம்பாய்க்கு ரயில் ஏறுவதற்குள் வந்துவிடும். அதற்குப் பிறகு உங்களை ஒரு கேள்வியும் கேட்கமாட்டேன்.

அப்படி ஒன்றும் இல்லையென்றால் பதிலே வேண்டாம். லண்டன் துறைமுகத்துக்கு வந்து நில்லுங்கள், போதும்.

தினமும் தபால்காரர் நம் வீட்டைத் தாண்டிப் போகவேண்டும் என்று பெருமாளை வேண்டிக்கொண்டிருக்கும்,

கோமளம்